கூலரைத் திறக்காமலே ‘கூலர் சர்வீஸ்’ பில்: காசிமேடு படகுக்காரர்கள் கவனத்துக்கு

இந்தத் தடைக்காலத்தில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைச் சுற்றியுள்ள பட்டறைகளில் இன்ஜின் கூலிங் வேலை கொடுத்தவர்கள் தயவுசெய்து இதை முழுக்கப் படியுங்கள். அடுத்து கடலுக்குக் கிளம்பும் முன்பே கூலரில் (இன்ஜின் தண்ணீரின் சூட்டைக் கடல் தண்ணீருக்கு மாற்றும் பகுதி) இருக்கும் பித்தளைப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அதன் உள்பக்கம் சுண்டுவிரல் தடிமனில் சாம்பல் நிறத் துத்தநாகக் குச்சி ஒன்று நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் படகில் அது இல்லை. வெறும் பித்தளை போல்ட்டை முறுக்கிவிட்டு, புது ஜிங்க் (துத்தநாகம்) போட்டதாகப் பணம் வாங்கியிருந்தார்கள். அது ஒன்று மட்டும் இல்லை, வரிசையாகச் சொல்கிறேன்.

பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது அங்கே நடக்கட்டும். அவர்கள் எப்படி ஏமாற்றினார்கள் என்பது தெரிந்தால் வேறு எந்தப் பட்டறையிலும் நீங்கள் சுதாரித்துக்கொள்ளலாம்.

கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. எல்லா விசைப்படகும் ஒரே சமயத்தில் கரையில் நிற்கும். பலகை வேலை, பெயிண்ட், வலை, இன்ஜின் என்று எல்லாவற்றையும் இந்த இரண்டு மாதத்துக்குள் முடித்தாக வேண்டும். வருமானம் இல்லாத நாட்களில் வட்டிக்கு வாங்கித்தான் பெரும்பாலான உரிமையாளர்கள் இந்த வேலைகளைச் செய்கிறார்கள். நல்ல மெக்கானிக்குகள் கிடைக்கமாட்டார்கள். இந்த அவசரம்தான் இப்படிப்பட்ட ஆட்களுக்குச் சாதகம்.

படகு எனக்கும் என் மச்சானுக்கும் பங்கு. ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின். கூலரைக் கழற்றிக் குழாய்களைச் சுத்தம் செய்வது, ஜிங்க், கடல் தண்ணீர் பம்புக்குப் புது இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் ரப்பர் ரெக்கைச் சக்கரம்), தெர்மோஸ்டாட் (சூட்டைப் பொறுத்துத் திறக்கும் வால்வு), ஹோஸ்கள், கூலன்ட் (இன்ஜினுக்குள் சுற்றும் குளிர்விக்கும் திரவம்) மாற்றுவது என்று மொத்தமாக 46,000 ரூபாய் பேசினார்கள். வேலை முடிந்தது என்று கூப்பிட்டபோது இன்ஜின் முழுக்கப் பளபளவென்று பச்சை பெயிண்ட். பழைய பாகங்கள் எங்கே என்று கேட்டேன். ஸ்கிராப்புக்காரர் எடுத்துப் போய்விட்டார் என்றார்கள். கரையில் கட்டியபடியே ஸ்டார்ட் செய்து காட்டினார்கள். சூடு காட்டும் மீட்டரின் முள் 80 டிகிரியைத் தாண்டவில்லை. வெள்ளைத்தாள் பில்லில் ‘கூலர் சர்வீஸ் முழுசும்’ என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தார்கள்.

தடை முடிந்து வடக்கே போனோம். பழவேற்காட்டைத் தாண்டும்வரை பிரச்சினை இல்லை. வலையை விட்டு இழுக்க ஆரம்பித்த பிறகுதான் முள் ஏறத் தொடங்கியது. எங்கள் டிரைவர் மாமா பழைய ஆள், சத்தத்தை வைத்தே சொல்வார். உடனே வேகத்தைக் குறைத்து, கூலரிலிருந்து வெளியேறி படகின் பக்கவாட்டில் விழும் கடல் தண்ணீரைப் பார்க்கச் சொன்னார். தண்ணீர் மெலிதாக, விட்டு விட்டு விழுந்தது. கடல் தண்ணீர் வால்வை மூடிவிட்டு, குப்பையை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரைத் திறந்தால் அது சுத்தமாக இருக்கிறது. பம்பைத் திறந்தால் இம்பெல்லரில் இரண்டு ரெக்கை இல்லை. கையில் இருந்த ஸ்பேரைப் போட்டோம். சும்மா ஓட்டும்போது முள் அடங்கியது. வலையை இழுத்தால் மறுபடியும் 95-ஐத் தாண்டுகிறது. கடைசியில் இன்ஜினுக்கு நல்ல தண்ணீர் ஊற்றும் ஹெட்டர் டேங்க் மூடியில் ஆவி கிளம்ப, வலையை ஏற்றிக்கொண்டு இன்னொரு படகின் கயிற்றில் திரும்பினோம். டீசல், ஐஸ், ஆட்கள் பேட்டா எல்லாம் போனது. இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் வைக்கும் ஹெட் கேஸ்கட்டும் போயிருந்தது.

திருவொற்றியூரிலிருந்து ஒரு பெரியவரைக் கூட்டி வந்தோம். பல வருஷமாகக் கப்பல் இன்ஜின் வேலை பார்த்தவர். அவர் முதலில் எதையும் கழற்றவில்லை. கூலரின் இரண்டு முனையிலும் உள்ள மூடிகளின் போல்ட்டுகளை ஒரு கத்தி முனையால் சுரண்டினார். மேலே புதுப் பச்சை, அதன் அடியில் பழைய பெயிண்ட். போல்ட் தலைக்கும் மூடிக்கும் நடுவே அந்தப் பழைய பெயிண்ட் ஒரு வெடிப்புகூட இல்லாமல் அப்படியே ஒட்டியிருந்தது. ஸ்பேனர் பட்டிருந்தால் அது உடைந்திருக்கும். “இந்த மூடியை யாரும் தொடவே இல்ல தம்பி” என்றார்.

திறந்தால் உள்ளே தண்ணீர் நுழையும் வாயில் ரப்பர் துண்டுகள். அவற்றில் சில இந்தப் பயணத்தில் உடைந்தவை. மற்றவை கறுத்து, உப்பு பூத்து, குழாய் வாய்களில் இறுகிப்போனவை. தடைக்கு முந்திய சீசனில் எங்கள் இம்பெல்லர் ஒருமுறை உடைந்து மாற்றினோம். அப்போது கிடைக்காமல் போன ரெக்கைத் துண்டுகள் அவை. கூலரைத் திறந்து சுத்தம் செய்திருந்தால் அவை அங்கே இருக்க வழியே இல்லை. குழாய்களில் பாதிக்கு மேல் உள்ளே வெள்ளையாக அடைத்திருந்தது. நம் போர் தண்ணீரைக் காய்ச்சும் பானையின் அடியில் படியுமே, அதே மாதிரி.

பம்பில் இருந்த ‘புது’ இம்பெல்லரின் மிச்ச ரெக்கைகள் எல்லாம் ஒரே பக்கம் மடிந்து, அடியில் விரிசல் விட்டிருந்தன. பல மாதம் ஓடிய ரப்பருக்குத்தான் அந்த வளைவு நிலைத்துப்போகும். புதியது நிமிர்ந்து நிற்கும்.

தெர்மோஸ்டாட் வைக்கும் இடம் காலி. பிறகு பட்டறைக்காரரிடம் கேட்டபோது அவர் சொன்னது: “அதெல்லாம் குளிர் ஊருக்குண்ணா, நம்ம ஊருக்கு இன்னாத்துக்கு?” இதை நிறையப் பேர் நம்புகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்ஜினுக்குள் சுற்றுவது நல்ல தண்ணீர். கூலருக்குள் அதன் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியேறுவது கடல் தண்ணீர். இரண்டும் கலப்பதில்லை. நல்ல தண்ணீர் சூடாகும்வரை தெர்மோஸ்டாட் அதை கூலருக்கு அனுப்பாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றவிடும். சூடானதும் கூலர் பாதையைத் திறந்து, பல இன்ஜின்களில் அந்தக் குறுக்குப் பாதையை மூடவும் செய்யும். அப்படிப்பட்ட இன்ஜினில் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் குறுக்குப் பாதை எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பங்கு கூலருக்கே போகாமல் திரும்பிவிடும். லோடு ஏறும்போது சூடு இன்னும் அதிகமாகும். மற்ற இன்ஜின்களில் எடுத்தாலும் நல்லது இல்லை. எப்போதும் குளிர்ந்தே ஓடினால் டீசல் முழுசாக எரியாமல் ஆயிலில் கலக்கும், சிலிண்டரின் உள்சுவரான லைனர் தேயும்.

கூலன்ட் பச்சையாகத்தான் இருந்தது. பெரியவர் இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். உண்மையான கூலன்ட்டில் கிளைகால் என்ற திரவம் இருக்கும், வழவழப்பு தெரியும். இதில் ஒன்றும் இல்லை, சாயம் கலந்த தண்ணீர். சென்னையில் உறைபனி கிடையாது, வெறும் தண்ணீர் போதாதா என்று கேட்பார்கள். கூலன்ட்டில் துரு பிடிக்காமல் தடுக்கும் மருந்து இருக்கிறது, நமக்கு அதுதான் முக்கியம். டீசல் இன்ஜின் ஓடும் அதிர்வில் லைனரின் வெளிப்பக்கம் நுண்ணிய குமிழிகள் உண்டாகி வெடித்துக்கொண்டே இருக்கும். அந்த மருந்து இல்லாவிட்டால் அவை இரும்பில் ஊசிக்குத்து போலப் பள்ளம் விழுத்தும். கடைசியில் தண்ணீர் ஆயிலுக்குள் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் தெரிந்தால் பெரிய செலவு வந்துவிட்டது என்று பொருள். எங்களுக்கு அதுவரை போகவில்லை.

ஜிங்க் விஷயத்தில்தான் எனக்குக் கோபம் ஆறவே இல்லை. உப்புத் தண்ணீரில் செம்பும் இரும்பும் பித்தளையும் சேர்ந்து இருந்தால் ஒன்று மற்றொன்றை அரிக்கும். துத்தநாகம் அங்கே இருந்தால் அரிப்பு முதலில் அதைத்தான் தின்னும், குழாய் தப்பிக்கும். பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. கூலர் விலையோடு பார்த்தால் அந்தக் குச்சி ஒரு செலவே இல்லை. அதைக்கூடப் போடாமல் போல்ட்டை முறுக்கியிருக்கிறார்கள், வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் பித்தளைத் தலை மட்டுமே தெரியும் என்பதால். படகின் அடியில் பதிக்கும் ஜிங்க் கட்டிகளையும் பாருங்கள். சில இடங்களில் படகோடு சேர்த்து அதன் மேலும் பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். பெயிண்ட் மூடிய ஜிங்க் வேலை செய்யாது.

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனோம். “கடல் முழுக்கக் குப்பைண்ணா, நான் இன்னா பண்றது” என்று முடித்துக்கொண்டார். குப்பை இருப்பது உண்மைதான். துறைமுகத்துக்குள் பிளாஸ்டிக், நைலான் நூல். சில மாதங்களில் சொறிமீன் கூட்டம், கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் கடல்நீர்ப் பாதையையே அது தொந்தரவு செய்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி, படகும் வலையும் பிசுபிசுத்துப் போனதை நாம் யாரும் மறக்கவில்லை. ஆனால் குப்பை வந்தால் ஸ்ட்ரெய்னரில் நிற்கும். எங்கள் ஸ்ட்ரெய்னர் சுத்தமாக இருந்தது. கூலரை அடைத்தது உப்புப் படிவமும் பழைய ரப்பரும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றியதும் கூலன்ட்டுக்குப் பதில் சாயம் ஊற்றியதும் கடலா?

இனி வேலை கொடுப்பவர்கள் கூலர் மூடி திறக்கும் நேரத்தில் கட்டாயம் பக்கத்தில் இருங்கள். போக முடியாவிட்டால் வீட்டில் வேறு யாராவது போகட்டும். என் அக்கா இப்போது அந்த வேலையைச் செய்கிறார், போனில் படம் எடுத்துவிடுகிறார். சுத்தம் செய்யும் முன் ஒரு படம், பின் ஒரு படம். எதிர் வெளிச்சத்தில் குழாய்கள் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தெரிய வேண்டும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்ற விடாதீர்கள். படிவத்தோடு சேர்த்து அலுமினியத்தையும் ஈயப் பற்றையும் அது தின்றுவிடும். உலோகத்தைக் காக்கும் மருந்து சேர்த்த டீஸ்கேலர் (படிவத்தைக் கரைக்கும் திரவம்) தனியாகக் கிடைக்கிறது, அதைப் போட்டாலும் கடைசியில் நல்ல தண்ணீரில் நன்றாக அலச வேண்டும். சுத்தம் செய்த பிறகு கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் பிரஷர் டெஸ்ட் கேளுங்கள். பழைய ஜிங்க், பழைய இம்பெல்லர், பழைய தெர்மோஸ்டாட் மூன்றும் உங்கள் கைக்கு வரவேண்டும் என்று வேலை பேசும்போதே சொல்லிவிடுங்கள். உடைந்த இம்பெல்லரின் ரெக்கைகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் அது உள்ளே எங்கோ இருக்கிறது.

புதுத் தெர்மோஸ்டாட்டைப் பொருத்தும் முன் ஒரு பாத்திரத்தில் தண்ணீரோடு போட்டுக் காய்ச்சினால் அது திறப்பது கண்ணுக்குத் தெரியும். எத்தனை டிகிரியில் திறக்க வேண்டும் என்று அதன் மேலேயே எழுதியிருக்கும்.

பணத்தில் கடைசிப் பங்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கரையில் கட்டி ஓட்டிக் காட்டுவது சோதனையே இல்லை. எரியும் டீசலின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தண்ணீர்தான் சுமந்துபோக வேண்டும், லோடு இல்லாதபோது பாதி அடைத்த கூலர்கூட அதைச் சமாளித்துவிடும். அலைத்தடுப்புக்கு வெளியே கொண்டுபோய் முழு வேகத்தில் அரை மணி நேரமாவது ஓட்டி, முள் ஒரே இடத்தில் நிற்பதைப் பார்த்த பிறகு மிச்சப் பணத்தைக் கொடுங்கள்.

ஃபைபர் படகில் அவுட்போர்டு மோட்டார் வைத்திருப்பவர்களுக்குக் கூலர் கிடையாது, கடல் தண்ணீரே நேராக இன்ஜினுக்குள் ஓடுகிறது. கரை வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். பின்னால் பீச்சும் தண்ணீர் மெலிந்தால் உடனே நிறுத்திப் பாருங்கள். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் இம்பெல்லர் கொஞ்ச நேரத்திலேயே கருகும்.

கடலில் சூடு ஏறினால் ஹெட்டர் டேங்க் மூடியைத் திறக்க வேண்டாம், ஆவி முகத்தில் அடிக்கும். கொதிக்கும் இன்ஜின் மேல் கடல் தண்ணீரை ஊற்றவும் வேண்டாம், ஹெட் வெடிக்கும். லோடை எடுத்து வேகத்தைக் குறையுங்கள். பக்கவாட்டுத் தண்ணீர் வரவில்லை என்றால் இன்ஜினை நிறுத்திவிடுங்கள். காற்று மாறி ஆபத்தான நிலை என்றால் கடலோரக் காவல்படையின் 1554 இருக்கிறது.

எங்களைப் போல ஏமாந்தவர்கள் சும்மா இருக்க வேண்டாம். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். படகு வியாபாரத்துக்கு என்பதால் செல்லாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். சொந்த உழைப்பில் பிழைப்புக்காகத் தொழில் செய்பவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் ஆணையத்தில் கட்டணமும் இல்லை. பில்லில் ஒவ்வொரு வேலையும் தனித்தனி வரியாக, தேதியோடும் கையெழுத்தோடும் இருக்கும்படி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் பில்லில் ஒரே வரிதான். அதனால் பெரியவர் கழற்றும்போது எடுத்த படங்களையும், எடுத்து வைத்த பாகங்களையும், அவர் எழுதிக் கொடுத்த குறிப்பையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். பட்டறையில் வேலை கொடுத்து இதே மாதிரி பாதிக்கப்பட்டவர்கள் காசிமேட்டிலும் எண்ணூரிலும் இருந்தால் உங்கள் கூலரைத் திறக்கும்போது படம் எடுத்து வைத்திருங்கள், ஒன்றாகச் சேர்ந்து கேட்கலாம்.