கே.எல்.லில் மூன்று நாள்: பிரிக்பீல்ட்சா, புக்கிட் பிந்தாங்கா, பசார் செனியா?

நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து வார இறுதிக்குக் கோலாலம்பூர் போகலாம் என்று பேச்செடுத்தால் முதலில் கிளம்பும் சண்டை எங்கே தங்குவது என்பதுதான். பினாங்கு, ஈப்போ பக்கத்து நம் ஆட்கள் யோசிக்காமல் பிரிக்பீல்ட்ஸ் என்பார்கள். கூட்டத்தில் கடைகடையாய் ஏறி இறங்கும் ஆள் ஒருவர் இருந்தால் புக்கிட் பிந்தாங் என்று அடம் பிடிப்பார். என் ஓட்டு பசார் செனிக்கு, அதாவது பெட்டாலிங் ஸ்திரீட்டைச் சுற்றியுள்ள பழைய நகரத்துக்கு.

தங்கும் இடத்துக்கு ஏன் இவ்வளவு பேச்சு என்றால், கே.எல். விரிந்து கிடக்கும் ஊர். இரட்டைக் கோபுரம் ஒரு மூலையில், மெர்டேக்கா சதுக்கம் இன்னொரு மூலையில், பத்துமலையோ நகர எல்லையைத் தாண்டி சிலாங்கூரில். கிராப் வாடகைக் காரைக் கூப்பிட்டால் போச்சு என்பீர்கள். சாதாரண காரில் நாலு பேர்தான் ஏறலாம், அஞ்சாவது ஆளுக்காக இன்னொரு கார் வேண்டும், சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டால் இரண்டு காரும் வந்து சேர்வதற்குள் எல்லாருடைய முகமும் தொங்கிப் போயிருக்கும். அதனால் ரயில் பாதையை வைத்துத்தான் அறை பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

பிரிக்பீல்ட்சை எடுத்துக்கொள்வோம். கே.எல். சென்ட்ரல் காலடியில் இருக்கிறது. வெளியூரிலிருந்து ஈ.டி.எஸ். ரயிலில் வந்தாலும், விமான நிலையத்திலிருந்து அரை மணி நேரத்தில் கொண்டுவந்து விடும் விரைவு ரயிலில் வந்தாலும், இறங்குவது இங்கேதான். பத்துமலைக்கு கொமுட்டர் ரயிலும் இங்கிருந்தே கிடைக்கும். சாப்பாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: மதியம் வாழையிலை விரித்து, சோறு, மூன்று கறி, அப்பளம், ரசம் என்று வரிசையாய் வந்து விழும்போது பேச்சு தானாக நின்றுவிடும். ஜாலான் துன் சம்பந்தனில் பூக்கடை, புடவைக்கடை, பலகாரக்கடை எல்லாம் அடுத்தடுத்து. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு மேல், சுற்றிப் பார்க்க வந்த இளவட்டங்களுக்கு அங்கே என்ன இருக்கிறது? தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குடிக்க மாமாக் கடை, அதாவது இந்திய முஸ்லிம் உணவுக்கடை இருக்கும், அவ்வளவுதான். இன்னொன்று, புக்கிட் பிந்தாங் போக மோனோரெயில் பிடிக்க வேண்டும். அந்த நிலையம் சென்ட்ரலுக்குள் இல்லை, நு சென்ட்ரல் பேரங்காடிக்குள் புகுந்து, படியேறி, கடைகளைக் கடந்து அந்தப் பக்கம் வெளியே வர வேண்டும். ஒருவர் கழிவறை, ஒருவர் தண்ணீர் பாட்டில், ஒருவர் தள்ளுபடிப் பலகை என்று சிதறிவிட்டால் அந்த நடைக்கே கால் மணி நேரம் போகும். அப்புறம் வருகிற மோனோரெயிலோ சின்னது, வேலை முடியும் நேரத்தில் ஏற இடம் இருக்காது.

புக்கிட் பிந்தாங் இதற்கு நேர் எதிர். அங்கே ராத்திரிதான் பகல். பெவிலியன் பேரங்காடி, ஜாலான் ஆலோர் சாப்பாட்டுத் தெரு, சங்காட் கேளிக்கைத் தெரு எல்லாம் நடை தூரம். பெவிலியன் பக்கத்திலிருந்து இரட்டைக் கோபுரம் உள்ள கே.எல்.சி.சி. வரை குளிரூட்டிய மேம்பால நடைபாதை போகிறது, மழை கொட்டினாலும் நனையாமல் கோபுரத்தடிக்குப் போய்விடலாம். அது உண்மையிலேயே பெரிய வசதி. ஆனால் விலை? ஜாலான் ஆலோரில் சுட்ட கோழி இறக்கையும் டுரியானும் சாப்பிட்டு எழுந்து கணக்குப் பார்த்தால், அதே வயிறு வேறு வட்டாரத்தில் இன்னும் குறைந்த செலவில் நிறைந்திருக்கும் என்று தோன்றும். தெருவைப் பார்த்த அறை கிடைத்தால் பாட்டுச் சத்தம் நள்ளிரவு தாண்டியும் விடாது. காலையில் நம் சாப்பாட்டில் பசியாறத் தேடி அலைய வேண்டியிருக்கும். ஒரு சாயங்காலம் போய்விட்டு வர அருமையான இடம். மூன்று நாளும் அதற்குள்ளேயே கிடந்தால் கே.எல்.லைப் பார்த்ததாக நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இனி பசார் செனி. இங்கே எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி. என்ற இரண்டு நகர ரயில்களும் ஒரே நிலையத்தில் சந்திக்கின்றன. எல்.ஆர்.டி.யில் ஒரு பக்கம் ஒரே நிறுத்தம் போனால் கே.எல். சென்ட்ரல், வாழையிலைச் சாப்பாடு. மறு பக்கம் மஸ்ஜித் ஜாமெக், டாங் வாங்கி, கம்போங் பாரு தாண்டினால் கே.எல்.சி.சி. எம்.ஆர்.டி.யில் மெர்டேக்கா, அடுத்தது புக்கிட் பிந்தாங். நடைபாதைப் பாலம் ஏறினால் பழைய கோலாலம்பூர் ரயில் நிலையம், அங்கே பத்துமலை கொமுட்டர் நிற்கும். எல்லா ஆசைக்கும் ஒரே வாசல் என்று இதைத்தான் சொல்கிறேன். பேருந்தில் வந்து டி.பி.எஸ். பேருந்து முனையத்தில் இறங்குபவர்களும் எல்.ஆர்.டி.யில் மஸ்ஜித் ஜாமெக் வந்து, மாறி, ஒரு நிறுத்தத்தில் சேர்ந்துவிடலாம்.

ரயிலை விடுங்கள், காலை ஏழு மணிக்கு ஜாலான் துன் எச்.எஸ். லீயில் நடந்து பாருங்கள். 1873இல் உருவான மகா மாரியம்மன் கோவில், பக்கத்தில் பூக்கடைகளில் மல்லிகையைச் சரம் தொடுக்கும் கைகள், நாலடி தள்ளி சீனக் கோவிலின் ஊதுபத்தி வாசம். தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும் வெள்ளி ரதம் இந்தக் கோவிலிலிருந்துதான் புறப்படுகிறது. பெட்டாலிங் ஸ்திரீட்டில் போலிக் கைப்பைகளை விட்டுத்தள்ளுங்கள், ஏர் மத்தா கூச்சிங் என்ற குளிர்பானம் ஒன்று வாங்கிக் குடியுங்கள், வெயிலுக்கு அதைப்போல ஒன்று இல்லை. அங்கிருந்து மெர்டேக்கா சதுக்கம், சுல்தான் அப்துல் சமாட் கட்டடம், கிள்ளானும் கோம்பாக்கும் கூடும் இடத்தில் 1909இல் கட்டிய மஸ்ஜித் ஜாமெக், எல்லாமே நடைதான். இந்த ஊர் பிறந்த இடமே அந்தக் கூடுதுறை. தலை நிமிர்ந்தால் 678.9 மீட்டர் உயர மெர்டேக்கா 118 கோபுரம்.

குறை இல்லாமல் இல்லை. பழைய கடைவீடுகளை மாற்றிய விடுதிகள் பல, லிஃப்ட் இருக்காது. மலிவாகக் காட்டும் அறைகளில் ஜன்னலே இல்லாதவை உண்டு, பதிவு செய்யும் முன் கேட்டுவிடுங்கள். சில சந்துகள் இரவில் வெறிச்சென்று ஆகிவிடும், கூட்டமாகவே போங்கள்.

கே.எல்.சி.சி. பக்கம் அடுக்குமாடியில் நீச்சல் குளத்தோடு தங்கலாம் என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். குளத்தில் நின்று கோபுரத்தோடு படம் எடுக்க மட்டும் அவ்வளவு செலவு வேண்டாம். பூங்காவின் நீரூற்றைச் சாயங்காலம் காசில்லாமலே பார்க்கலாம். இரட்டைக் கோபுரத்தின் மேலே ஏற வேண்டுமென்றால் சீட்டை முன்பே எடுங்கள், திங்கட்கிழமை மூடியிருக்கும்.

பத்துமலைக்கு எந்த வட்டாரத்திலிருந்தும் விடியற்காலையிலேயே கிளம்புங்கள். கொமுட்டர் அடிக்கடி வராது, அட்டவணை பார்த்துவிட்டுப் போவது நல்லது. 272 படியையும் வெயில் ஏறுவதற்குள் ஏறிவிட்டால் குரங்குகளோடு மட்டும்தான் தகராறு. கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம்.

அப்பா அம்மாவும் கூட வந்தால் நானும் பிரிக்பீல்ட்ஸ் என்றே சொல்வேன். லிஃப்ட் உள்ள ஹோட்டல், பக்கத்திலேயே சைவச் சாப்பாடு, சென்ட்ரலுக்குப் பெட்டியைத் தள்ளிக்கொண்டே போகலாம். தமிழ்நாட்டிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ நண்பர்கள் சேர்ந்துகொண்டால், வெளிநாட்டவருக்கு அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி (ரிங்கிட்) சுற்றுலா வரி தனி. பகிர்வுக் கணக்கில் அதை முதலிலேயே சேர்த்துவிடுங்கள். தைப்பூசத்தை ஒட்டி வருவதானால் பசார் செனியில் பல வாரங்களுக்கு முன்பே அறை சொல்லிவையுங்கள். ரதம் புறப்படும் இரவில் அங்கே சாலைகளை மூடுவார்கள், கார் உள்ளே வராது, எல்.ஆர்.டி.யில் இறங்கி நடந்துவிடுங்கள்.