ருப்லேவ் வரைஞ்ச மூவொரு கடவுள் படம்: மலைநாட்டு வீட்டுக்கு வாங்கலாமா?

மொதல்ல பொருள் என்னான்னு சொல்லிடுறேன். ரஷ்யாவுல அந்திரேய் ருப்லேவ்னு ஒரு துறவி 15ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல தந்தை, மகன், தூய ஆவின்னு மூணு பேரா இருக்கிற ஒரே கடவுள, அதாவது மூவொரு கடவுள, காட்டி மரப்பலகையில வரைஞ்ச திருப்படம், ஐகன்னு சொல்வாங்க, அதோட பிரிண்ட எடுத்து மரத்தூள அமுக்கிச் செஞ்ச பலகையில ஒட்டி மேல லேசா வார்னிஷ் பூசி விக்கிறாங்க. நான் எடுத்தது 10க்கு 8 இஞ்சி. கண்டி டவுன்ல ஜெபமாலை, மெழுகுதிரி, சுரூபம் எல்லாம் விக்கிற ஒரு கடையில வாங்கினது. இதவிடப் பெருசும் இருந்துச்சு, மேசையில நிறுத்தி வைக்கிற மாதிரி சின்னதும் இருந்துச்சு. வெல இப்ப இருக்கிற வெலவாசிக்குப் பரவால்ல, ஒரு நல்ல சுவர்க்கடிகாரம் வாங்குற காசுதான்.

சைஸ் விஷயத்துல கவனமா இருங்க. ஒரிஜினல் 142 சென்டிமீட்டர் உயரம், 114 அகலம், அப்போ 10க்கு 8 கிட்டத்தட்ட அதே அளவுப் பொருத்தம், ஒண்ணும் வெட்டுப்படாது. சில பேர் நெட்ல இருந்து எடுத்து கம்யூனிகேஷன் கடையில குடுத்து ஏ4 தாள்ல அடிச்சுக்கிறாங்க, அது நீளமான தாள், தாள் முழுக்க நிரப்பணும்னு ரெண்டு பக்கமும் வெட்டிடுவாங்க, வெட்டினா மேசையச் சுத்தி இருக்கிற மூணு பேர்ல ஓரத்துல உக்காந்திருக்கிற ரெண்டு பேரோட தோளும் முதுகும் போயிரும். மூணு பேரும் சேர்ந்து ஒரு வட்டம் மாதிரி அமைஞ்சிருக்கிறதுதான் இந்தப் படத்தோட உயிரே, அது போனா வாங்கிப் பிரயோசனம் இல்ல.

கலரும் பாக்கணும். மூணு பேர் உடுப்புலயும் நீலம் இருக்கும், நடுவுல இருக்கிறவருக்கு கருஞ்சிவப்பு அங்கிக்கு மேல நீலப் போர்வை, வலது பக்கத்தவருக்கு நீலத்து மேல பச்சை, இடது பக்கத்தவருக்கு வெளிறின தங்க நிறத்துப் போர்வைக்குள்ள கொஞ்சமா நீலம் தெரியும். மட்டமான பிரிண்ட்ல அந்த நீலம் கறுப்பா அடிச்சிருக்கும். என்னோடதுல நடுவுல உள்ள நீலம் நல்லா வந்திருக்கு, இடது பக்கம் மட்டும் மஞ்சளா போயிருச்சு, அதுக்குக் கொஞ்சம் மார்க் கொறைக்கலாம்.

சரி, படத்துல என்ன இருக்கு. தொடக்கநூல் 18ஆம் அதிகாரத்துல மம்ரேயில உள்ள மரத்தடியில ஆபிரகாம் வீட்டுக்கு மூணு பேர் வருவாங்கல்ல, ஆபிரகாம் ஓடிப்போய் கும்பிட்டு, சாராகிட்ட அப்பம் சுடச் சொல்லி, கன்னுக்குட்டி அடிச்சு விருந்து வைப்பாரே, அந்தக் கதைதான். ஆனா ருப்லேவ் ஆபிரகாமையும் சாராவையும் எடுத்துட்டாரு. மேசை, ஒரு கிண்ணம், சுத்தி மூணு தேவதூதர்கள், அவ்வளவுதான். பின்னால ஒரு வீடு, ஒரு மரம், ஒரு மலை. மேசையோட முன் பக்கம், அதாவது நாம நின்னு பாக்கிற பக்கம், யாரும் இல்லாம காலியா இருக்கு. இடது பக்கம் இருக்கிறவர் தந்தை, நடுவுல மகன், வலது பக்கம் தூய ஆவின்னு பெரும்பாலானவங்க சொல்றாங்க, நடுவுல இருக்கிறவர்தான் தந்தைன்னு சொல்றவங்களும் உண்டு. நான் மொதல்ல சொன்னவங்க சொல்றபடிதான் இங்க எழுதுறேன், ஏன்னா நடுவுல இருக்கிறவரும் வலது பக்கத்தவரும் தலைய இடது பக்கம் சாய்ச்சிருக்காங்க.

மூவொரு கடவுள் பேரு நம்ம மலைநாட்டுக்குப் புதுசில்ல. நுவரெலியாவுல 1852ல அபிஷேகம் பண்ணின பரிசுத்த திரித்துவ ஆலயம் இருக்கு, கண்டியில 1872ல தொடங்கின டிரினிட்டி காலேஜ் இருக்கு, நாங்க பூசையில, சாப்பாட்டு நேரத்துல, பஸ் ஏறும்போது எல்லாம் நெத்தியில கை வச்சு அந்தப் பேரத்தான் சொல்றோம். ஆனா வீட்டுச் சுவர்ல இருக்கிறது என்னான்னு பாருங்க, திருஇருதயப் படம், மடு மாதா, புனித அந்தோனியார். மூவொரு கடவுள் படம்னு ஒண்ணு இருந்தாலும் வெள்ளத் தாடி வச்ச தாத்தா ஒருத்தர், சிலுவையோட இளைஞர் ஒருத்தர், மேல ஒரு புறா. அந்தப் படத்து மேலயும் எனக்கு மரியாத இருக்கு, எங்க அம்மாச்சி காலத்துல இருந்து அதத்தான் பாத்து ஜெபிச்சோம். ஆனா அதப் பாக்கிற புள்ள, தந்தை வயசானவர், மகன் அப்புறமா வந்தவர், ஆவி ஒரு பறவைன்னுதான் மனசுல வாங்கும்.

இந்தப் படத்த மாட்டின அன்னைக்கே எங்க சின்ன மக ரொம்ப நேரம் பாத்துட்டு, "இதுல யாருப்பா அப்பா? மூணு பேரும் ஒரே மாதிரி இருக்காங்களே"ன்னு கேட்டா. அந்த ஒரு கேள்விக்காகவே குடுத்த காசு தகும்னு சொல்லுவேன். மூணு பேருக்கும் ஒரே முகம், ஒரே வயசு, ஒரே அளவு, ஆளுக்கு ஒரு கோல் கையில. 325ல ஆயர்மாரெல்லாம் கூடின நிசேயா சங்கத்துல சண்ட போட்டு முடிவு பண்ணினது இதுதான. ஆரியுஸ்ங்கிற குரு, மகன் படைக்கப்பட்டவர், அவர் இல்லாத ஒரு காலம் இருந்துச்சுன்னு சொன்னாரு. சங்கம் முடியாதுன்னுடுச்சு, மகன் தந்தையோட ஒரே பொருளானவர்னு அறிக்கையிட்டாங்க. அப்புறம் 381ல கொன்ஸ்தாந்திநோப்பிள்ல, தூய ஆவியும் தந்தையோடயும் மகனோடயும் ஒண்ணா வணங்கப்படுறவர்னு சேர்த்தாங்க. நாங்க ஞாயித்துக்கிழம மடமடன்னு சொல்லி முடிக்கிற விசுவாச அறிக்கையில இருக்கிறது அதுதான். பின்னால அலெக்சாந்திரியாவுக்கு ஆயரான அத்தனாசியார் இந்தச் சண்டையில ஒரு வாதம் வச்சாரு, அது என்னைய மாதிரி புள்ள பெத்தவனுக்கு ரொம்பப் பெரிய விஷயம். மகன் இல்லாத காலம்னு ஒண்ணு இருந்தா, கடவுள் தந்தையா இல்லாத காலமும் இருந்திருக்கணுமே, அது எப்பிடி? நாங்கெல்லாம் புள்ள பொறந்த பொறகுதான் அப்பா ஆனோம். அவர் அப்பிடி இல்ல, உலகத்தப் படைக்கிறதுக்கு முன்னாடியே தந்தைதான், என்னைக்குமே ஒருத்தர் மேல அன்பு வச்சிருக்கிறவர்தான்.

இப்ப தந்தைக்குக் கீழ்ப்படியிற மகனோட அந்தச் சாஞ்ச தலைக்கு வாறேன், நான் எழுத உக்காந்ததே அதுக்குத்தான். நம்ம ஆளுங்ககிட்ட கீழ்ப்படியணும்னு சொன்னா மனசுக்குள்ள என்ன வருதுன்னு தேயிலைத் தோட்டத்துல பொறந்தவங்களுக்குத் தெரியும். விடியக் காலையில வேலைக்கு ஆள் கூடுற பெரட்டுக்களம், கணக்கப்பிள்ளை பேரு கூப்புடுறது, கொழுந்து எடை கொறஞ்சா அரைப்பேரு, அதாவது அரைநாள் சம்பளம்தான். அதுக்கு முந்தின தலைமுறையில பெரிய கங்காணி. அவர்தான் ஊர்ல இருந்து ஆள் சேத்துக் கூட்டிட்டு வந்தவரு, அவர்தான் கடன் குடுத்தவரு, பாதிப் பேருக்குச் சொந்தக்காரரும் அவரே. எழுதி வச்ச கடனுக்குத் துண்டுன்னு ஒண்ணு, அந்தக் கடன அடைக்காம ஒரு தோட்டத்த விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது, 1921லதான் அந்தத் துண்டு முறைய ஒழிச்சாங்க. இத்தனைக்கும் தோட்டத்த நடத்துற துரையையும் கங்காணியையும் "தாய் தகப்பன் மாதிரி"ன்னுதான் சொல்லப் பழக்கி இருந்தாங்க. தகப்பன்ங்கிற சொல்லும் பயமும் கடனும் ஒண்ணா முடிஞ்சு கெடந்த சனம் நாங்க. அதே மாதிரிதான் தோட்டத்து ஆளுங்களுக்கு வரிசையா கட்டின லயத்து வீட்டுக்குள்ளயும் நிறைய அப்பாமாரு இருந்தாங்க, வெளியில வாங்கின ஏச்ச வீட்டுல வந்து எறக்குறது, புள்ளைங்க சத்தம் போடாம இருந்தா அதுக்குப் பேரு கீழ்ப்படிதல்.

இந்தப் படத்துல அப்பிடி ஒண்ணும் இல்ல. தலை சாய்ச்சவர் சின்னவராகல. தந்தை உசரமான ஆசனத்துல இல்ல, அதே மேசையில அதே மட்டத்துல உக்காந்திருக்காரு. யோவான் 5:20ல தந்தை மகன் மேல அன்பு வச்சு, தான் செய்றது எல்லாத்தையும் அவருக்குக் காட்டுறாருன்னு இருக்கு, எதையும் மறைச்சு வைக்கிறதில்ல. 14:31ல மகன் சொல்றாரு, தந்தை மேல நான் அன்பு வச்சிருக்கேன்னு உலகம் தெரிஞ்சுக்கணும், அதனால அவர் கட்டளையிட்டபடி செய்யிறேன்னு. அன்பு மொதல்ல, கீழ்ப்படிதல் அதுல இருந்து வருது. 15ஆம் அதிகாரத்துல அதே வரிசையில நம்மளையும் சேத்துக்குறாரு, தந்தை என் மேல அன்பு வச்ச மாதிரி நான் உங்க மேல வச்சேன், என் அன்புல நிலைச்சு நில்லுங்கன்னு. தந்தை கையில துண்டு இல்ல, கடன் கணக்கு இல்ல, மகனும் கடன் அடைக்கிறவன் மாதிரி குனியல.

படத்தப் பாத்துட்டு ஒருத்தர் கேக்கலாம், அப்போ மகன் மனசு ஒண்ணு, தந்தை மனசு வேறயா, வேற வேறயா இருந்தாத்தான கீழ்ப்படிய முடியும்னு. எங்க மறைக்கல்வி வகுப்புலயும் இது வந்துச்சு. கடவுளுக்குள்ள மூவருக்கும் ஒரே சித்தம்தான், திருச்சபை அப்பிடித்தான் போதிக்குது. ஆனா மகன் நம்மள மாதிரி மனுசனா ஆனப்போ மனுச சித்தத்தையும் முழுசா எடுத்துக்கிட்டாரு, அவருக்கு ரெண்டு சித்தம் உண்டுன்னு 681ல முடிஞ்ச மூணாவது கொன்ஸ்தாந்திநோப்பிள் சங்கம் சொல்லிடுச்சு. கெத்செமனியில "அப்பா"ன்னு கூப்புட்டு, இந்தக் கிண்ணத்த எடுத்துருங்க, ஆனாலும் என் விருப்பப்படி இல்ல உங்க விருப்பப்படின்னு வேத்து அழுதது அந்த மனுச மனசுதான். படத்துல மேசை மேல இருக்கிற கிண்ணத்துக்கு நேரா நடுவுல இருக்கிறவர் கை நீட்டி ஆசீர்வதிக்கிறாரு பாருங்க, அந்தக் கிண்ணத்துக்குள்ள கன்னுக்குட்டியோட தலை இருக்கு, பலி. 10க்கு 8ல அது சின்னதாத்தான் தெரியும், கிட்டப் போய் பாக்கணும். எபிரேயர் 5:8 சொல்ற மாதிரி மகனா இருந்தும் துன்பத்துல கீழ்ப்படிதலக் கத்துக்கிட்டாரு. லேசா வந்ததில்ல.

அப்பாமாருக்கு ஒண்ணு சொல்லணும். இப்ப நம்ம பக்கத்துல நிறைய வீடுகள்ல அப்பா கொழும்புல கடையில, ஹோட்டல்ல வேல செஞ்சு தீபாவளிக்கோ கிறிஸ்மசுக்கோதான் வாறாரு, இல்லாட்டி அம்மா வெளிநாட்டுல, அப்பா ஒத்தையா புள்ளைங்கள வளக்குறாரு. வந்த நாலு நாள்ல புள்ள சொன்ன பேச்சுக் கேக்கலன்னு கோவம் வரும், அது எனக்கும் புரியுது, தூரத்துல கஷ்டப்படுறவருக்கு அந்த வலி இருக்கத்தான் செய்யும். பவுல் எபேசியர் 6ல புள்ளைங்க பெத்தவங்களுக்குக் கீழ்ப்படியணும்னு சொன்ன கையோட, தந்தையரே உங்க புள்ளைங்களுக்கு எரிச்சல் மூட்டாதீங்கன்னும் சொல்றாரு, நம்ம பிரசங்கங்கள்ல மொத பாதி கேக்குற அளவு ரெண்டாவது பாதி கேக்குறதில்ல. இந்தப் படத்த வச்சு ராத்திரி ஜெபம் சொன்னதுக்கு அப்புறம் எங்க வீட்டுல ஒரு பழக்கம் வந்திருக்கு, ஜெபம் முடிஞ்சதும் புள்ளைங்க அன்னைக்கு என்னா நடந்துச்சுன்னு சொல்லுவாங்க, நான் அன்னைக்கு என்னா செஞ்சேன்னு அவங்களுக்குச் சொல்லுவேன், சம்பளக் காசு எங்க போகுதுன்னு கூட பெரியவனுக்குச் சொல்றேன். தந்தை மகனுக்கு எல்லாத்தையும் காட்டுறாருன்னு படிச்சா அப்புறம் நான் எத ஒளிச்சு வைக்கிறது. பெரியவனுக்கு ஒரு வேல சொன்னா இப்ப அது எதுக்குன்னு அவனுக்குத் தெரியும், செய்றான்.

கொறைகளும் சொல்லிடுறேன். வீட்டுப் பெரியவங்களுக்கு இந்தப் படம் சட்டுன்னு புடிக்காது. எங்க அம்மா மொதல்ல "இதுல ஏசுசாமி எங்கடா, மூணு பொம்பளப் புள்ளைங்க மாதிரி இருக்கு"ன்னு கேட்டாங்க, அவங்களுக்குச் சிலுவையும் தாடியும் வேணும். ஆபிரகாம் கதைய பைபிள்ல இருந்து வாசிச்சுக் காட்டினதும் ஏத்துக்கிட்டாங்க, இப்ப பூ வைக்கிறதே அவங்கதான். கடையில படத்தோட ஒரு சின்ன தமிழ் விளக்கத் தாள் குடுத்தா எவ்வளவு நல்லா இருக்கும், வாங்குற பாதிப் பேருக்கு இது மூவொரு கடவுள்னே தெரியாது, தேவதூதர் படம்னு வாங்கிட்டுப் போறாங்க.

பெரிய கொறை பலகைதான். இது கண்டியில தாங்கும், நம்ம பக்கத்து மழைக்கும் பனிக்கும் தாங்காது. மழைக்காலத்துல கீழ் ஓரத்துல ஈரம் ஏறி பலகை லேசா உப்பிருச்சு, ஒரு மூலையில பிரிண்ட் கெளம்பிருச்சு. லயத்துச் சுவருன்னா இன்னும் மோசமா இருக்கும், சுவரே வேர்க்கும். அதனால சுவர ஒட்டி மாட்டாதீங்க, பின்னால நாலு மூலையிலயும் சின்னதா கார்க்கோ ரப்பரோ ஒட்டி காத்துப் போக எடம் விடுங்க, வாங்கின உடனே ஓரம் நாலுக்கும் பின்பக்கத்துக்கும் தெளிஞ்ச வார்னிஷ் ஒரு கோட் அடிச்சிருங்க. அடுப்படிப் புகை படுற எடம் வேணாம். குத்துவிளக்கோ மெழுகுதிரியோ வைக்கிறதுன்னா கொஞ்சம் தள்ளி வைங்க, ஒரிஜினலே காலப்போக்குல கறுத்துப் போய், மேல வேற ஆளுங்க திரும்ப வரைஞ்சு, உலோகத் தகடு போட்டு மூடி, 1904லதான் சுத்தம் பண்ண ஆரம்பிச்சாங்க, அப்பத்தான் அந்த நீலம் வெளிய வந்துச்சு.

வாங்கலாமா? கண்டிப்பா வாங்கலாம், கல்யாணம் முடிச்ச புதுக் குடும்பத்துக்கும் மொத புள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கிறவங்களுக்கும் பரிசா குடுக்க இதவிட நல்ல படம் எனக்குத் தெரியல. அஞ்சுக்கு நாலு குடுப்பேன், ஒண்ணு அந்தப் பலகைக்காகவும் மஞ்சளடிச்ச போர்வைக்காகவும் போச்சு. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் இருக்கிறவங்க பலகையில ஒட்டினத விட்டுட்டு பிரிண்ட் மட்டும் 10க்கு 8ல எடுத்து, கண்ணாடி போட்ட மரச்சட்டத்துல டவுன்ல குடுத்து அடிச்சுக்குங்க, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவுல அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்க, இல்லாட்டி ஈரத்துக்குத் தாள் கண்ணாடியில ஒட்டிக்கும்.