அறுபதைத் தாண்டிய கே ஆணும் டேட்டிங் செயலிகளும்: வீட்டில், வெளியூரில், இரவில்

அருகில் இருக்கும் ஆண்களைத் தூர வரிசையில் காட்டும் டேட்டிங் செயலிகளை, அவை வந்த ஆரம்ப வருடங்களிலிருந்தே பயன்படுத்தி வருகிறேன். இப்போது எனக்கு அறுபது தாண்டிவிட்டது, தனியாக வசிக்கிறேன். இவற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இருபதுகளில், முப்பதுகளில் இருப்பவர்கள். என் வயதுக்காரருக்கு இவை எதற்கு உதவும், எங்கே காலை வாரும் என்று யாரும் விவரமாக எழுதி நான் படித்ததில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காதலன் கிடைப்பான் என்று நம்பி இறங்கினால் ஏமாற்றம்தான் அதிகம். ஆனால் நட்புக்கும், போகிற ஊரைப் பற்றி விசாரிக்கவும், ஒரு மாலையை எங்கே கழிக்கலாம் என்று தெரிந்துகொள்ளவும் இவற்றைவிட நல்ல வழி எனக்கு வாய்த்ததில்லை.

முன்பெல்லாம் அச்சு வழிகாட்டிதான். 1970-இல் தொடங்கிய ஸ்பார்டகஸ் கையேட்டில் ஊர்வாரியாக பார், ஸௌனா என்ற நீராவிக் குளியல் இடம், தங்குமிடம் எல்லாம் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். புத்தகம் கைக்கு வரும்போது அதில் பாதி இடங்கள் மூடியிருக்கும். 2002-இல் ஜெர்மனியில் கேரோமியோ என்ற இணையதளம் வந்தது. பிறகு அதுவே பிளானட்ரோமியோ ஆனது; இப்போது பெயர் வெறும் ரோமியோ, நான் பழைய பெயரிலேயே சொல்கிறேன். 2009-இல் கிரைண்டர், அடுத்த ஆண்டு ஸ்க்ரஃப், அதற்கடுத்து ஹார்னெட் என்று வரிசையாக வந்தன. நான் பழகிய அளவில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. கிரைண்டரில் கூட்டம் அதிகம், பொறுமை குறைவு. பிளானட்ரோமியோவில் என் வயதுக்காரர்கள் நிறைய, ப்ரொஃபைலும் நீளமாக எழுதுகிறார்கள். ஸ்க்ரஃப் பயணத்துக்கு நல்லது. பருமனான, தாடி வைத்த, நரைத்த ஆண்களுக்கான குரோலரில்தான் எனக்கு மரியாதையான பதில்கள் அதிகம் வந்தன. எண்பதுகளில் சான் ஃபிரான்சிஸ்கோவில் உருவான, இப்படிப்பட்ட ஆண்களின் 'கரடி' வட்டம், இளமையும் ஒல்லி உடம்பும்தான் அழகு என்ற பேச்சை ஏற்காமல் வளர்ந்தது. அந்தப் பழக்கம் செயலியிலும் தெரிகிறது.

அன்றாடப் பயன்பாட்டில் நம் வயதுக்காரர் முதலில் முட்டிக்கொள்வது வயது வடிகட்டியில். எதிரில் இருப்பவர் தன் வரம்பை நாற்பது என்று வைத்துவிட்டால் நீங்கள் அவர் திரையில் இல்லவே இல்லை. பக்கத்துத் தெருவில் இருந்தாலும் இல்லை. அது பெரும்பாலும் வெறுப்பு கிடையாது, அவரவர் விருப்பம். இதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் எனக்குச் செயலி பயன்படத் தொடங்கியது. உண்மையான வயதைப் போடுங்கள். இந்த வருடம் எடுத்த படத்தைப் போடுங்கள். என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். 'நடைக்கும் பேச்சுக்கும் துணை, மற்றதெல்லாம் பழகிப் பார்த்துத்தான்' என்று என் ப்ரொஃபைலில் எழுதி வைத்தேன். வரும் செய்திகள் பாதியாகக் குறைந்தன, வந்தவை உருப்படியாக இருந்தன.

அப்படி வந்த ஒருவர் ஓய்வுபெற்ற கணக்காளர், என் வீட்டிலிருந்து நடக்கும் தூரம்தான். இத்தனை வருடம் ஒரே கடைவீதியில் போய்வந்திருக்கிறோம், ஒருவரை ஒருவர் தெரியாது. இப்போது காலையில் சேர்ந்து நடக்கிறோம். அவருக்குக் கண் புரை அறுவை நடந்தபோது கூடப் போய் உட்கார்ந்தவன் நான்தான். அவசரத் தொடர்புக்கான எண் கேட்ட இடத்தில் அவர் என் எண்ணை எழுதினார். பிள்ளைகள் இல்லாத, சொந்தக்காரர்களோடு இந்த விஷயத்தைப் பேச முடியாத ஆண்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த நிலையில் இருப்பவர்களுக்குத்தான் புரியும். நியூயார்க்கில் 1978-லேயே மூத்த கே, லெஸ்பியன் மக்களுக்காக சேஜ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அப்படி எதுவும் இல்லாத ஊர்களில் அந்த வேலையில் கொஞ்சத்தை இந்தச் செயலிகள் செய்கின்றன.

காசு கட்ட வேண்டுமா என்றால், தினசரிக்குத் தேவையில்லை. நான் சந்தா கட்டிய ஒரு செயலி, நிறுத்தச் சொன்ன பிறகும் தொடர்ந்து பணம் எடுத்தது. எழுதிய கடிதங்களுக்கெல்லாம் இயந்திரம்தான் பதில் போட்டது. இப்போது பயண மாதத்துக்கு மட்டும் கட்டுகிறேன். கட்டிய அன்றே தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்துவிடுகிறேன்.

பயணத்தில்தான் இந்தச் செயலிகள் எனக்கு உண்மையாகக் கைகொடுத்தன. வேறு ஊரின் ப்ரொஃபைல்களை வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஸ்க்ரஃபில் வென்ச்சர் என்று ஒரு பகுதி இருக்கிறது. எந்த ஊருக்கு எப்போது போகிறோம் என்று அதில் போட்டுவைத்தால், வழி சொல்ல முன்வந்திருக்கும் உள்ளூர்க்காரர்களிடம் கேட்கலாம். நான் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களாகப் பார்த்து எழுதுவேன். சந்திக்கலாமா என்று கேட்க மாட்டேன். உட்கார நாற்காலி இருக்கும் பார் எது, இசை காதைப் பிளக்காமல் இருக்கும் இடம் எது, எத்தனை மணிக்குப் போனால் பேச ஆள் இருக்கும் என்பதுதான் என் கேள்வி. இதற்குப் பதில் சொல்லாதவர்கள் குறைவு. மனிதர்களுக்குத் தங்கள் ஊரைப் பற்றிச் சொல்லப் பிடிக்கும். அப்படி எழுதியவர்களில் சிலர் நான் போய் இறங்கியதும் தாங்களே வந்து அழைத்துப் போனார்கள்.

பாங்காக்கின் சீலோம் பகுதியில் நான்காம் சந்து அப்படித்தான் எனக்கு அறிமுகமானது. இரண்டு பக்கமும் முகப்பு திறந்த பார்கள், நடுவில் குறுகலான நடைபாதை. வெளியே போட்ட நாற்காலியில் இருட்டும் நேரத்தில் உட்கார்ந்தால் போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு, பக்கத்து மேசைக்காரரோடு சாதாரணமாகப் பேசலாம். நடனமும் நள்ளிரவுக் கூட்டமும் இரண்டாம் சந்தில். எனக்கு நான்காவதே போதும். தைபேயில் 1908-இல் கட்டிய சிவப்புச் செங்கல் கட்டடமான ரெட் ஹவுஸின் பின்பக்க முற்றத்திலும் இதே வசதி: திறந்தவெளி, வரிசையாக பார்கள், பேசினால் கேட்கும். ஸ்பெயினின் கிரான் கனாரியா தீவில் யும்போ சென்டர் என்று ஒரு வணிக வளாகம். பகலில் சாதாரணக் கடைகள், இருட்டிய பிறகு அடுக்கடுக்காக கே பார்கள். ஐரோப்பாவின் குளிர்காலத்திலும் அங்கே வெயில் இருக்கும் என்பதால் ஓய்வுபெற்ற ஆண்கள் கூட்டம் கூட்டமாக வந்து தங்குகிறார்கள். நரைத்த தலைகள் பெரும்பான்மையாக இருக்கும் ஒரு கே பாரில் உட்கார்ந்திருப்பது என்ன சுகம் என்று அங்கேதான் அறிந்தேன். யாரும் நம்மைத் தாண்டிப் பின்னால் பார்ப்பதில்லை. கண்ணைப் பார்த்துப் பேசுகிறார்கள்.

டோக்கியோவின் ஷின்ஜுகு நிச்சோமே இவற்றிலிருந்து முற்றிலும் வேறு. சில தெருக்களுக்குள் நூற்றுக்கணக்கான பார்கள். பலவற்றில் பத்துப் பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். நான் போன பார் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில், செங்குத்தான படிக்கட்டு ஏறி, கதவைத் திறந்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். மரப் பலகை மேடைக்கு அந்தப் பக்கம் கடைக்காரர், இந்தப் பக்கம் ஏழெட்டு முக்காலிகள். வாடிக்கையாளர்கள் முழு பாட்டில் வாங்கி, பெயர் எழுதி அலமாரியில் வைத்துவிட்டுப் போகிறார்கள். அடுத்த முறை அதிலிருந்தே ஊற்றிக்கொள்கிறார்கள். மூத்தவர்களை விரும்புகிறவர்களுக்கென்றே சில பார்கள் உண்டு. வெளிநாட்டவரை உள்ளே விடாத பார்களும் உண்டு. எதற்குள் நுழையலாம், எதற்குள் கூடாது என்று ஊர்க்காரர் ஒருவர் சொல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது. எனக்குச் சொன்னவர் செயலியில் அறிமுகமான ஒரு பள்ளி ஆசிரியர். அவரே என்னை உள்ளே கூட்டிப் போய் அறிமுகம் செய்துவைத்த பிறகு, கடைக்காரரும் நானும் மொழி தெரியாமலே ஒரு மணி நேரம் பேசினோம்.

இதே செயலி சில நாடுகளில் உயிருக்கே உலை வைக்கும். ஒருபால் உறவைக் குற்றமாக வைத்திருக்கும் நாடுகள் இன்றும் 60-க்கு மேல். தூரத்தைக் காட்டும் வசதியில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. ஒருவர் தன் இருப்பிடத்தை மூன்று வெவ்வேறு இடங்களாக மாற்றி, மூன்று முறையும் உங்கள் தூரத்தைக் குறித்துக்கொண்டால் போதும். வரைபடத்தில் மூன்று வட்டங்கள் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் உங்கள் வீடு இருக்கும். இது வெளியே தெரிந்து பிரச்சினையான பிறகு, 2014-இல் கிரைண்டர் சில நாடுகளில் தூரம் காட்டுவதையே நிறுத்தியது. எகிப்து, ஜோர்டான், துனீசியா போன்ற நாடுகளில் போலீசார் போலி ப்ரொஃபைல் வைத்து ஆட்களை வரவழைப்பதையும், கைப்பேசியில் இருக்கும் படங்களைச் சாட்சியாக்குவதையும் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 2023-இல் விரிவான அறிக்கை வெளியிட்டது. அப்படிப்பட்ட நாட்டில் விமானம் மாறுவதாக இருந்தால்கூட நான் வீட்டிலேயே செயலியை நீக்கிவிடுகிறேன். செயலி மட்டும் போனால் போதாது. படத்தொகுப்பு, அரட்டையிலிருந்து சேமித்த படங்கள், மின்னஞ்சலில் கிடக்கும் சந்தா ரசீது எல்லாவற்றையும் பாருங்கள். சொந்த ஊரிலும் தூரம் காட்டுவதை நான் அணைத்தே வைத்திருக்கிறேன். அணைத்தாலும் வரிசையில் முன்னால் வருகிறவர் பக்கத்தில் இருக்கிறார் என்று ஊகிக்க முடியும் என்பதை மறக்க வேண்டாம்.

நம் வயதைக் குறிவைத்து வரும் மோசடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தனியாக இருப்பவர், கையில் சேமிப்பு இருக்கும், வெளியே சொல்ல மாட்டார் என்ற கணக்கில்தான் வருகிறார்கள். எனக்கு வந்தவர் அழகான இளைஞர், முதல் நாளே வேறு அரட்டைச் செயலிக்கு வரச் சொன்னார். மூன்றாம் நாள் வீடியோ அழைப்பு. அவர் முகம் மங்கலாக, வாய் அசைவும் குரலும் ஒட்டாமல் இருந்தது. என்னைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். அழைப்பைத் துண்டித்தேன். ஐந்து நிமிடத்தில் அழைப்பின்போது திரையிலிருந்து பிடித்த, என் முகம் தெரியும் ஒரு படமும், என் உறவினர்கள் சிலரின் பெயர்களும் வந்தன, பணம் அனுப்பு என்ற மிரட்டலோடு. பதில் போடவில்லை, பணம் அனுப்பவில்லை. எல்லாவற்றையும் சேமித்துக்கொண்டு ப்ளாக் செய்து, சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தேன். மிரட்டியபடி ஒன்றும் நடக்கவில்லை; அவர்கள் அடுத்த ஆளைத் தேடிப் போய்விடுகிறார்கள். ஒரு முறை பணம் கொடுத்தவரை விடவே மாட்டார்கள், அதனால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். வெட்கப்பட்டு ஒளிக்காதீர்கள். விஷயம் தெரிந்த ஒரு நண்பரிடமாவது அன்றே சொல்லிவிடுங்கள். மிரட்டுகிறவரின் பலமெல்லாம் நாம் தனியாக இருப்பதில்தான் இருக்கிறது.

நிறுவனங்களையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். கிரைண்டர் பயனர்கள் ப்ரொஃபைலில் எழுதிய எச்.ஐ.வி. நிலை வெளி நிறுவனங்கள் இரண்டுக்குப் போய்க்கொண்டிருந்தது 2018-இல் அம்பலமானது. அதன் பிறகே கிரைண்டர் அதை நிறுத்தியது. சரியான ஒப்புதல் இல்லாமல் தகவல்களை விளம்பரக்காரர்களுக்குக் கொடுத்ததற்காக 2021-இல் நார்வே அந்த நிறுவனத்துக்கு 6.5 கோடி குரோனர் அபராதம் விதித்தது. மருத்துவ விவரங்களை நான் ப்ரொஃபைலில் எழுதுவதில்லை, நேரில் பேசிக்கொள்கிறேன்.

மருத்துவம் என்றதும் ஒரு விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும், இரவு வெளியே போகும் நம் வயதுக்காரர் பலருக்கு இது தெரியவில்லை. விறைப்புக்கான சில்டெனாஃபில், டடாலாஃபில் மாத்திரை போட்டிருக்கும்போது, பாப்பர்ஸ் என்று சிறு குப்பியில் வரும் போதைத் திரவத்தை முகரக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் சட்டென்று சரிந்து உயிரே போகலாம். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர்கள் இந்த மாத்திரைகள் பக்கமே போகக் கூடாது. அப்படிப் போட்டுவிட்டு நெஞ்சுவலி வந்து மருத்துவமனைக்குப் போனால், மாத்திரை போட்டதை மறைக்காமல் சொல்லுங்கள், அதைப் பொறுத்துத்தான் அவர்கள் மருந்தைத் தேர்ந்தெடுப்பார்கள். எச்.ஐ.வி. தடுப்புக்குப் ப்ரெப் எடுப்பவர்கள் ஐம்பதுக்கு மேல் என்றால் சிறுநீரகச் செயல்பாட்டைத் தவறாமல் பரிசோதிக்க வேண்டும். 'இந்த வயதில் இதெல்லாம் உங்களுக்கு எதற்கு' என்று கேட்கும் மருத்துவர் வாய்த்தால் வேறு மருத்துவரைப் பாருங்கள். நான் அப்படித்தான் மாறினேன், இப்போது எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேச முடிகிறது.

இன்றைக்கும் என் கைப்பேசியில் இரண்டு செயலிகள் இருக்கின்றன, பிளானட்ரோமியோவும் ஸ்க்ரஃபும். அறிவிப்பு ஒலி அணைத்தே இருக்கும், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முறைதான் திறப்பேன். இவற்றைச் செய்கிறவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எழுத்தைப் பெரிதாக்கினால் பொத்தான்கள் திரைக்கு வெளியே ஓடாமல் இருக்க வேண்டும். நட்புக்காக மட்டும் வந்திருப்பவர்களைத் தனியாகத் தேட வழி வேண்டும், அந்தத் தேடலில் வயது வடிகட்டி தடையாக நிற்கக் கூடாது. மிரட்டல் புகாரை ஒரு மனிதர் படித்துப் பதில் சொல்ல வேண்டும். அடுத்ததாக ஸ்பெயினின் கடற்கரை ஊரான சிட்ஜஸ் போக எண்ணியிருக்கிறேன், செப்டம்பரில் கரடிகள் வாரம் நடக்கும் சமயத்தில். அங்கே போய்வந்த மூத்தவர்கள் யாராவது இருந்தால், ஏறி இறங்க அதிகம் படிக்கட்டு இல்லாத, கடற்கரைக்குப் பக்கத்தில் தங்குமிடம் சொல்லுங்கள்.