ரீல் சர்வீஸுக்கு 4,850 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன்: தூண்டில்காரர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்

4,850 ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இரண்டு நாளாக மனசுக்குள் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. டீ குடித்தாலும் 4,850, பைக்குக்குப் பெட்ரோல் போட்டாலும் 4,850.

கடையின் பேரைப் போடவில்லை. போட்டால் நாளைக்கே அவர்தான் என் மேல் புகார் கொடுப்பார், என் கையில் பில்லும் கிடையாது. டவுனில் தூண்டில் சாமான் விற்றுக்கொண்டு ரீல் (தூண்டில் நரம்பைச் சுற்றுகிற சக்கரம்) சர்வீஸும் செய்கிற கடை, அவ்வளவுதான் சொல்ல முடியும். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் கரையில் நின்று தூண்டில் போடுகிறவர்கள் ஆடி முடிந்து ரீலை வெளியே எடுக்கிற நேரம் இது. சீசன் இல்லாத மாதங்களில் ரீலின் டிராக்கை எப்படி வைக்க வேண்டும் என்பதையும் கடைசியில் முழுசாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

என்னிடம் இரண்டு பென் ரீல், ஒன்று 5000 சைஸ், இன்னொன்று 4000. இரண்டிலும் டிராக்குக்கு உள்ளே கார்பன் வாஷர், அந்தக் கம்பெனி ஹெச்டி-100 என்று சொல்கிறதே, அதுதான். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: மீன் இழுக்கும்போது நரம்பு அறுந்துவிடாமல், அது சுற்றியிருக்கிற ஸ்பூலை அளவோடு வழுக்கவிடுவதுதான் டிராக். ஸ்பூலுக்குள்ளே உலோகத் தகடும் கார்பன் வாஷரும் மாறி மாறி அடுக்கியிருக்கும். மேலே இருக்கிற திருகை இறுக்கினால் அந்த அடுக்கு நெருங்கும், தளர்த்தினால் விலகும். பைக் பிரேக் மாதிரிதான். பிரேக் பிடிக்க வேண்டும், ஆனால் சக்கரம் ஒட்டிக்கொள்ளக் கூடாது.

மே மாதக் கடைசியில் 5000 ரீலின் டிராக் விட்டு விட்டு ஓடியது. கையால் நரம்பை இழுத்தால் டக், டக் என்று வரும். உப்பு ஏறியிருக்கும் என்று எனக்கே தெரியும். நானே கழற்றித் துடைத்திருக்கலாம், போன வருஷம் அப்படித்தான் செய்தேன். ஆனால் வாஷரைப் பிடித்திருக்கிற அந்த மெல்லிய வளையக் கம்பி தெறித்துப் போய், மூன்று நாள் கழித்து அரிசிப் பானையில் கிடைத்தது. வீட்டுக்காரி அன்றைக்குச் சொன்னதை இங்கே எழுத முடியாது. ‘இந்தத் தடவை வேலை தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவோம்’ என்று இரண்டு ரீலையும் பையில் போட்டுக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். அந்த வாரம் கள்ளக்கடல் (சொல்லாமல் கொள்ளாமல் எழும்பி வருகிற பேரலை) எச்சரிக்கை வேறு, எப்படியும் கடலுக்குப் போக முடியாது.

இங்கேதான் நான் விழுந்தேன். அந்த ஆள் கெட்டிக்காரர். கவுண்டரில் பேப்பர் விரித்தார். டிராக் திருகைக் கழற்றினார், ஸ்பூலைத் தூக்கினார். வளையக் கம்பியை ஒரு விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, ஊசி முனையால் நெம்பி, தெறிக்காமல் எடுத்தார். எனக்கு அதிலேயே பாதி மனசு விழுந்துவிட்டது. ஒவ்வொரு தகடாக எடுத்து, வந்த வரிசை மாறாமல் பேப்பரில் இடமிருந்து வலமாக அடுக்கினார். கார்பன் வாஷர் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து, “அண்ணே, பார்த்தீங்களா, வழவழன்னு ஆயிட்டு. இது இனி பிடிக்காது. மாத்திரலாம்” என்றார். இரண்டு ரீலுக்கும் மாற்ற வேண்டும் என்றார். 4000 ரீலை அவர் திறக்கவே இல்லை, அது எப்படித் தெரிந்தது என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

கணக்கு இது: சர்வீஸ் ரீலுக்கு 1,200, இரண்டுக்கும் 2,400. கார்பன் வாஷர் செட் 1,100 வீதம் 2,200. டிராக்குக்கு என்றே வருகிற கிரீஸ் 250. மொத்தம் 4,850. பேரம் பேசவில்லை. இவ்வளவு சுத்தமாக வேலை பார்க்கிற ஆளிடம் என்ன பேரம் என்று நினைத்தேன். ஜிபேயில் அனுப்பியபோது திரையில் கடையின் பேர் வரவில்லை, ஏதோ ஒரு பெண்ணின் பேர் வந்தது. “வீட்டுல நம்பர்தான் அண்ணே” என்றார். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் ‘2 ரீல்’ என்று எழுதித் தந்தார். தேதி கூட இல்லை.

ஒன்பது நாள் கழித்து வாங்கினேன். கையால் இழுத்துப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி ஓடியது. சந்தோஷமாக 4,850-க்கு நன்றியும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கிளம்பும்போது ஒரு வார்த்தை சொன்னார்: “அண்ணே, மழை முடியிற வரை டிராக்கை நல்லா டைட் பண்ணி வச்சிருங்க. உள்ளே காத்து போகாது, துரு ஏறாது.”

எனக்கு அது இடித்தது. இத்தனை வருஷமாக ரீலை வைக்கும்போது டிராக்கைத் தளர்த்திதான் வைப்பேன். ஆனால் அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதுதான் வம்பு. கடலிலிருந்து வந்ததும் ரீலைத் தண்ணீர் விட்டுக் கழுவுகிற அந்த நேரத்துக்கு மட்டும் டிராக்கை இறுக்குவோம், உப்புத் தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்க. அந்த ஐந்து நிமிஷ வேலையை இரண்டு மாத வேலையாக்கிச் சொன்னார். வாஷரைப் புதிதாக மாற்றியவர் சொல்கிறார், கேட்டுக்கொள்வோம் என்று இறுக்கி வைத்தேன்.

ஜூன், ஜூலை போனது. விசைப்படகுகளுக்கு மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். கரையில் நிற்கிற நமக்கு அந்தச் சட்டம் கிடையாது, ஆனால் கடலே விடாது. குளச்சல், முட்டம் பக்கம் தூண்டில் வளைவுக் கல்லில் ஏறி நின்றால் அலை ஆளை எடுத்துவிடும். (அலைத் தடுப்புக் கல்லுக்கு அரசாங்கம் வைத்த பேர் தூண்டில் வளைவு. அது நாம் நின்று தூண்டில் போடுவதற்காகக் கட்டியது என்று எங்கள் கூட்டாளி ஒருவன் ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தான்.)

முந்தாநாள் கடல் கொஞ்சம் இறங்கியது. விடியற்காலம், ஆறு கடலில் சேருகிற மணக்குடி பொழிமுகத்துக்குப் போனேன். நாலாவது வீச்சோ ஐந்தாவது வீச்சோ, சரியாக நினைவில்லை. பாறை மீன். எடுத்த எடுப்பிலேயே தெரிந்தது, பெரிய பாறை. தடி வளைந்தது. அந்த நேரம் டிராக் சத்தம் போட்டு நரம்பைக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. ஒரு நொடி எல்லாம் அப்படியே நின்றது, பிறகு படார். 30 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு), முடிச்சில் அறுந்தது. நுனி காற்றில் சுருண்டு திரும்பி வந்தது. லூர் (செயற்கை இரை) போன காசு தனி, அதை நான் இந்த 4,850-இல் சேர்க்கவில்லை.

பக்கத்தில் கைநூல் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தார். விரலில் சைக்கிள் டியூப் துண்டு மாட்டியிருந்தார். “எங்களுக்குக் கைதான் மக்கா டிராக்கு. சர்வீஸுக்கு விடாண்டாம்” என்றார். சிரிக்கிற நிலையில் நான் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் தொங்கு தராசைக் கட்டி இழுத்தேன். 30 பவுண்டு நரம்பு என்றால் 13 கிலோ சொச்சம் தாங்கும். டிராக்கை அதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள், அதாவது மூன்றரையிலிருந்து நாலரை கிலோவுக்குள் வைப்பது வழக்கம். காலையில் கிளம்பும் முன் திருகைத் தளர்த்தி, கையால் இழுத்துப் பார்த்துத்தான் போனேன். கையால் மெதுவாக இழுத்தால் நகரத்தான் செய்தது. தராசில் வெடுக்கென்று இழுத்தால் ஒன்பது கிலோ வரை ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அப்புறம் திடீரென்று வழுக்குகிறது. தராசைக் காலையிலேயே கட்டிப் பார்க்காதது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

திறந்தேன். உள்ளே கார்பன் இல்லை. பச்சைக் கலரில் ஏதோ கம்பளித் துணி, பிள்ளைகள் ஸ்கூல் கிராஃப்டுக்கு வாங்குகிற ஃபெல்ட் மாதிரி. கத்தரியால் வெட்டிய வட்டம், ஓரம் எல்லாம் கோணல், ஒரு இடத்தில் பேனாவால் வரைந்த கோடு கூட அழியவில்லை. அதில் கறுத்த கிரீஸ் ஊறியிருந்தது. மோந்து பார்த்தேன், பைக் பேரிங்குக்குப் போடுகிற கிரீஸ் வாசம். புதிதாக இருந்தபோது துணி பஞ்சு மாதிரி நின்றிருக்கும், கிரீஸும் ஊறிக் கிடந்ததால்தான் வெண்ணெயாக ஓடியது. இரண்டு மாதம் இறுக்கி வைத்ததில் துணி அப்பளமாகிவிட்டது, கிரீஸ் ஓரத்துக்குப் பிதுங்கி வந்து தகட்டோடு பசை மாதிரி ஒட்டிவிட்டது. ஃபெல்ட் வாஷரே மோசம் என்று சொல்லவில்லை, அதோடு வருகிற நல்ல ரீல்கள் உண்டு. ஆனால் என்னுடையது கார்பன். ‘வழவழன்னு ஆயிட்டு’ என்று அவர் காட்டிய என் கார்பன் வாஷர் இப்போது யார் ரீலில் ஓடுகிறதோ.

4000 ரீலையும் திறந்தேன். அதில் என் பழைய வாஷரே இருக்கிறது, மே மாதத்து உப்பு வெள்ளையாகப் பூத்து அப்படியே. தொடவே இல்லை! அதற்கும் சர்வீஸ் 1,200, வாஷர் 1,100. ஒரு வகையில் அவர் தொடாமல் விட்ட ரீல்தான் பிழைத்தது.

போன் செய்தேன். முதல் தடவை, “கடல் தண்ணி உள்ளே போயிருக்கும் அண்ணே.” இரண்டாவது தடவை, “வேலை பார்த்த பையன் நின்னுட்டான், அவன்கிட்ட கேக்கணும்.” கவுண்டரில் கழற்றியது நீங்கள்தானே என்றேன். “கழட்டினது நான், மாட்டினது அவன்.” மூன்றாவது தடவை எடுத்தவுடனே அவர் கேட்ட கேள்வி இது: “நீங்க டிராக்கை டைட் பண்ணியா வச்சிருந்தீங்க? டைட் பண்ணி வச்சா வாஷர் போகத்தானே செய்யும்?” நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன். “நான் அப்படிச் சொல்லுவேனா அண்ணே, எத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன்.” அதோடு கட்.

நேற்று கடைக்கே போனேன். கார்பனையும் 4,850-ஐயும் கேட்டேன். உள்ளே ஆள் இருந்தது தெரிந்தது, கவுண்டரில் இருந்த சின்னப் பையன் “முதலாளி கொச்சிக்குச் சரக்கு எடுக்கப் போயிருக்காரு” என்றான். அவனிடம் என்ன சண்டை போட? பச்சைத் துணி வட்டத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ப்ளூ டிக் விழுந்தது, பதில் இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தேன், முதல் கேள்வியே பில். ‘2 ரீல்’ சீட்டையும் ஜிபே விவரத்தையும் வைத்துக்கொண்டு முயற்சி செய்துகொண்டிருக்கிறேன். நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை என்பதால் அதையும் விடுவதாக இல்லை. 4,850-க்கு இவ்வளவா என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆமாம், இவ்வளவுதான்.

சரி, சொன்னபடி டிராக் விஷயம். விலாவாரியாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது மனசு ஓடவில்லை. முக்கியமானது மட்டும்: கழுவும்போது டிராக்கை இறுக்குங்கள், குழாயை வேகமாகத் திறந்து பீச்சாதீர்கள், வாளியில் முக்காதீர்கள், மேலாகத் தெளித்தால் போதும். துடைத்துக் காய்ந்ததும் திருகை நன்றாகத் தளர்த்திவிடுங்கள். ஒரு நாள் வைத்தாலும் சரி, இரண்டு மாதம் வைத்தாலும் சரி, தளர்த்தித்தான். டபிள்யூடி-40 கையில் இருக்கிறது என்று டிராக்குக்குள் அடிக்காதீர்கள், உள்ளே இருக்கிற கிரீஸையும் கரைத்துக்கொண்டு போய்விடும். மாதம் ஒரு தடவை நரம்பைக் கொஞ்சம் இழுத்துவிடுங்கள். சீசனில் முதல் நாள் போகும் முன் தராசு, மறக்காதீர்கள். சர்வீஸுக்குக் கொடுத்தால் கழற்றும்போது பார்த்தால் போதாது, மாட்டும்போதும் நில்லுங்கள். பழைய வாஷரைக் கையோடு கேட்டு வாங்குங்கள், பில் வாங்குங்கள்.

எந்தக் கிரீஸ், எவ்வளவு தடவ வேண்டும் என்பதெல்லாம் அப்புறம். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பார்த்தேன், அந்தக் கடையின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்: ‘ஓணம் ஸ்பெஷல், ரீல் சர்வீஸ் 20 சதவீதம் தள்ளுபடி’. என்னை பிளாக் செய்ய மறந்துவிட்டார் போல. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டேன்.