கீபோர்டு மட்டுமா, மேல்தட்டு முழுவதுமா?

லேப்டாப்பில் மற்றதெல்லாம் நன்றாக ஓடுகிறது. கீபோர்டில் மட்டும் நான்கைந்து எழுத்துகள் விழவில்லை. வீட்டிலேயே சரிசெய்ய நினைப்பவருக்கு நான்கு வழிகள் உண்டு. பழுதான கீயை மட்டும் மாற்றலாம், கீபோர்டை மட்டும் மாற்றலாம், கீபோர்டு பதிந்த மேல்தட்டையே மாற்றலாம், எதையும் கழற்றாமல் வெளியே ஒரு கீபோர்டைச் சொருகிக்கொள்ளலாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால் பலரும் முதலில் தங்கள் கைத்திறனைத்தான் யோசிக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது, அந்த மாடலில் கீபோர்டு உள்ளே எப்படிப் பிடித்துவைக்கப்பட்டிருக்கிறது என்பதை.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை. யுஎஸ்பி கீபோர்டைச் சொருகிப் பாருங்கள். அதிலும் அதே எழுத்துகள் விழவில்லை என்றால் கோளாறு மென்பொருளில். ஸ்க்ரூடிரைவரை எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாம். வெளிக் கீபோர்டு ஒழுங்காக இருந்தால், எத்தனை கீ போயிருக்கிறது என்று பாருங்கள். ஒரே ஒரு கீ என்றால் மேல்மூடியோ அதன் அடியிலுள்ள கத்தரி போன்ற பிளாஸ்டிக் தாங்கியோ உடைந்திருக்கலாம், அல்லது அழுக்கு அடைத்திருக்கலாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல கீகள் ஒரே நாளில் செத்தால் உள்ளே ஒரு மின்தடம் அறுந்திருக்கும், இல்லையென்றால் கீபோர்டை மதர்போர்டோடு இணைக்கும் தட்டையான ரிப்பன் கேபிள் நழுவியிருக்கும். கீகள் வரிசையும் நிரையுமாக ஒரே கம்பித் தடங்களைப் பகிர்ந்துகொள்வதால் இப்படி ஆகிறது. இதில் கீ மாற்றிப் பயனில்லை.

ஒற்றைக் கீ மாற்றுவதுதான் இருப்பதிலேயே சுலபம். ஆனால் தாங்கியின் வடிவம் மாடலுக்கு மாடல் மாறும், சில சமயம் ஒரே கீபோர்டில் கீக்குக் கீயும் மாறும். பொதுவான கீ என்று ஒன்று கிடையாது. ஸ்பேஸ்பாருக்கு அடியில் கம்பி ஒன்று இருக்கும். மூடியைத் தூக்கும்போது அது வளைந்தால் பிறகு ஒரு பக்கம் மட்டுமே அழுந்தும். ஆப்பிள் 2015 முதல் சில ஆண்டுகள் கத்தரித் தாங்கிக்குப் பதிலாகக் கீகளுக்கு அடியில் பயன்படுத்திய பட்டாம்பூச்சி அமைப்பில் எனக்குக் கை வைக்கவே பயம்: கொக்கிகள் அவ்வளவு மெல்லியவை. அந்த நிறுவனமே 2018-இல் இலவசப் பழுதுநீக்கத் திட்டம் அறிவித்து, 2019-இல் கத்தரி அமைப்புக்கே திரும்பிவிட்டது.

கீபோர்டை மட்டும் மாற்றுவதுதான் உண்மையில் யோசிக்க வேண்டிய இடம். பழைய லேப்டாப்கள் பலவற்றில் இது கால்மணி நேர வேலை. 2011-இல் வந்த திங்க்பேட் டி420-இல் அடிப்பக்கம் கீபோர்டு படம் போட்ட இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, மேலிருந்து நகர்த்தினால் கீபோர்டு கையோடு வந்துவிடும். உங்களுடையது இந்த வகை என்றால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம், கீபோர்டை மட்டும் வாங்குங்கள். இதில் கவனம் தேவைப்படுவது ரிப்பன் கேபிள் ஒன்றுக்குத்தான். கனெக்டரில் நகத்தால் தூக்கும் சின்ன லாக் இருக்கும். அதைத் திறந்த பிறகே கேபிளை உருவ வேண்டும். முதல் தடவை நான் லாக் இருப்பதே தெரியாமல் இழுத்து, அதன் காதை உடைத்துவிட்டு, பிறகு டேப் ஒட்டி ஓட்டினேன்.

இன்றைய மெல்லிய லேப்டாப்களோ வேறு கதை. மதர்போர்டு, பேட்டரி எல்லாவற்றையும் எடுத்த பிறகுதான் கீபோர்டின் முதுகே தெரியும். அதையும் ஸ்க்ரூவுக்குப் பதிலாக, உருக்கி அழுத்திய டஜன் கணக்கான பிளாஸ்டிக் குமிழ்கள் பிடித்திருக்கும். அவற்றைச் செதுக்கி எடுத்து, புதியதை வைத்து, சூட்டுக்கோலாலோ பசையாலோ மறுபடி ஒட்ட வேண்டும். முடியாத காரியம் இல்லை. ஆனால் பிடிமானம் பழையபடி வராது. தட்டும்போது நடுப்பகுதி அமுங்கி எழும்பும்.

ஆகவே குமிழ் வகைக்கு என் ஓட்டு மேல்தட்டுக்குத்தான். விலை கூடுதல். ஆனால் பழைய பாகங்களைப் புதிய தட்டுக்கு இடம் மாற்றினால் போதும், செதுக்கலும் உருக்கலும் இல்லை. பேட்டரி தட்டோடு ஒட்டப்பட்ட மேக்புக் மாடல்களில் பேட்டரியும் சேர்ந்தே வரும் என்பதால் பழைய பேட்டரிக்காரர்களுக்கு இது லாபக் கணக்கு. 2021-இல் வந்த ஃபிரேம்வொர்க் லேப்டாப்பைப் பாருங்கள்: அடியில் 5 ஸ்க்ரூவைத் தளர்த்தினால் கீபோர்டும் டச்பேடும் பதிந்த மேல்தட்டு அப்படியே கழன்றுவிடும். பிரித்துப் பார்க்கவே வடிவமைத்த அந்த இயந்திரத்தில்கூட, தட்டிலிருந்து கீபோர்டை மட்டும் பிரிக்கப் போனால் குட்டி ஸ்க்ரூக்கள் வரிசை கட்டி நிற்கும்.

வெளிக் கீபோர்டு மேசையை விட்டு நகராதவர்களுக்குப் போதும். செத்தது ஒரே ஒரு கீ என்றால் அதன் வேலையை அதிகம் பயன்படாத வேறொரு கீக்கு மாற்றிக்கொடுக்கலாம். விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். ஆனால் லாகின் திரையில் அந்த மாற்றம் செல்லாது. பாஸ்வேர்டில் அந்த எழுத்து இருந்தால் திரைக் கீபோர்டில் கிளிக் செய்துதான் உள்ளே போக வேண்டும். தண்ணீர் பட்டு, தானாகவே அழுந்திக்கொண்டிருக்கும் கீயை வெளிக் கீபோர்டும் அடக்காது. உள்ளே ரிப்பனைக் கழற்றியாக வேண்டும். பவர் பட்டன் கீபோர்டிலேயே இருக்கும் மாடலா என்று அதற்கு முன் பாருங்கள். ரிப்பனைக் கழற்றினால் அந்தப் பட்டனும் செத்துவிடும்.

வாங்கும்போது மாடல் பெயரை மட்டும் நம்பாமல், பழைய பாகத்தின் பின்புறம் ஒட்டியிருக்கும் எண்ணைப் பொருத்துங்கள். என்டர் கீ கிடையாகப் படுத்திருக்கிறதா, இரண்டு வரிசை உயரமா என்று பாருங்கள். பின்னொளி உள்ள கீபோர்டில் இரண்டாவதாக ஒரு மெல்லிய கேபிள் இருக்கும். அது இல்லாததை வாங்கினால் விளக்கு எரியாது. வேலை தொடங்கும்போது முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். முடிக்கும்போது எல்லா ஸ்க்ரூவையும் முடுக்குவதற்கு முன்னால் ஒருமுறை ஆன் செய்து, ஒவ்வொரு கீயாக அழுத்திப் பார்த்துவிடுங்கள்.