சோனி ஏ7 மார்க் 4: ஸ்டில்ஸும் வீடியோ பைட்டும் ஒரே ஆளிடம் கேட்கும் செய்தி டெஸ்க்குக்கு

பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் கையில் வீடியோ வேலையும் வந்து விழுந்துவிட்டது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2020 ஜூலையில் தன் போட்டோகிராபர்களையும் வீடியோ செய்தியாளர்களையும் சேர்த்தே சோனி கேமராக்களுக்கு மாற்றுவதாக அறிவித்தது. பாடியையும் லென்ஸையும் இரு தரப்பும் மாற்றிக்கொள்ளலாம் என்பது அதில் ஒரு பெரிய வசதி. 2021 இறுதியில் வந்த, 33 மெகாபிக்சல் கொண்ட ஏ7 மார்க் 4 கேமரா அந்த இரட்டை வேலைக்கு எவ்வளவு தாங்கும் என்பதே இங்கே கேள்வி.

இதில் முதலில் பாராட்ட வேண்டியது மோட் டயலுக்கு அடியில் இருக்கும் இன்னொரு வளையம். ஸ்டில், மூவி, எஸ்&க்யூ (ஸ்லோ மோஷன், ஃபாஸ்ட் மோஷன் வீடியோ) என்று மூன்று நிலைகள். மெனுவில் ஸ்டில்லுக்கும் மூவிக்கும் தனித்தனி செட்டிங் என்று ஒருமுறை சொல்லிவிட்டால், 1/1000 விநாடி ஷட்டரில் ஊர்வலத்தை எடுத்துக்கொண்டிருக்கும்போது வளையத்தைத் திருப்பியதும் 1/50-க்குத் தானாக வந்துவிடும். லாக் பட்டனை அழுத்திக்கொண்டேதான் திருப்ப வேண்டும். நெரிசலில் எரிச்சல்தான், ஆனால் பையில் உரசித் தானாக மாறாது.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் விளக்குகள் வீடியோவில் மினுங்காமல் இருக்க, மெனுவில் வீடியோ முறை பிஏஎல், 25பி (விநாடிக்கு 25 ஃப்ரேம்), ஷட்டர் 1/50. வாங்கிய அன்றே, கார்டை ஃபார்மட் செய்யும் முன்பே, இதைச் சரிபார்த்துவிடுங்கள். 4கே 50பி பக்கம் போனால் படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டு 1.5 மடங்கு கிராப் ஆகி, 24 எம்எம் லென்ஸ் 36 எம்எம் போல ஆகிவிடும். கூட்டத்துக்குள் பின்னால் நகர ஏது இடம்?

வெயில்தான் பெரிய தலைவலி. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, 1/50 என்றால் அபெர்ச்சரை எஃப் 22 வரை மூட வேண்டும். எஃப் 4-இல் எடுக்க ஒளியை 5 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி) குறைக்கும் என்டி 32 என்ற கறுப்புக் கண்ணாடி ஃபில்டர் தேவை. கேமராவுக்குள் என்டி கிடையாது. பிறகு நிறம் திருத்துவதற்கென வெளிறலாகப் பதியும் எஸ்-லாக் 3 ஐஎஸ்ஓ 800-இல்தான் தொடங்குவதால் இன்னும் 3 ஸ்டாப் சேரும். அன்றைய செய்திக்கு அது வேண்டாத வேலை, நிறம் திருத்தாமலே பயன்படுத்தத்தக்க எஸ்-சினிடோன் போதும். ஃபில்டரைக் கழற்ற மறந்து ஸ்டில்லுக்குத் திரும்பினால் ஆட்டோ ஐஎஸ்ஓ ஏறி, படம் மணல் மணலாக வரும். சூட்டில் கேமரா அணையாமல் இருக்க, ஆட்டோ பவர் ஆஃப் டெம்பரேச்சரை ‘ஹை’யில் வைத்து, திரையை உடலிலிருந்து விலக்கித் திறந்துவிடுங்கள்.

ஃபார்மட்டில் ஆசைப்பட வேண்டாம். அதிகம் சுருக்கிப் பதியும் எக்ஸ்ஏவிசி எச்எஸ், கூடுதல் நிற விவரம் தரும் 10 பிட் 4:2:2 எல்லாம் காகிதத்தில் அழகு. பழைய லேப்டாப்பில் எடிட் செய்யும்போது டைம்லைன் நொண்டும். எக்ஸ்ஏவிசி எஸ், 8 பிட், 100 எம்பிபிஎஸ் போதும். நிமிடத்துக்கு 750 எம்பி, 64 ஜிபி கார்டில் சுமார் 80 நிமிடம். வி30 வேகக் குறியீடு உள்ள கார்டே தாங்கும். ஸ்டில்ஸை ஒரு ஸ்லாட்டுக்கும் வீடியோவை இன்னொன்றுக்கும் அனுப்பினால் டெஸ்க்குக்கு அனுப்பும்போது தேட வேண்டியதில்லை.

புகைப்படக்காரர் சறுக்குவது பெரும்பாலும் ஒலியில். வெளி மைக்கைச் செருகியதும் கேமராவின் சொந்த மைக் நின்றுவிடும். வயர்லெஸ் மைக்கின் ரிசீவர் ஆஃப் ஆகியிருந்தால் முழு பேட்டியும் ஊமைப்படம். திரையில் ஆடியோ மீட்டர் ஆடுகிறதா என்று பாருங்கள். ஹெட்போன் ஜாக் இருக்கிறது, கேளுங்கள். கேமராவின் ஆடியோ அளவை 5, 6-க்கு இறக்கி, ரிசீவரின் அவுட்புட்டை ஏற்றினால் இரைச்சல் குறையும். உச்சம் −12 டெசிபல் அருகே நிற்கட்டும்.

குறைகள் இரண்டு. முழு அகல 4கே-யில் சென்சார் வாசிப்பு மெதுவு. கேமராவை வேகமாகப் பக்கவாட்டில் திருப்பினால் விளக்குக் கம்பங்கள் சாயும். அடுத்தது இன்னும் முக்கியம்: ரெக்கார்டிங் ஓடும்போது ஸ்டில் எடுக்க முடியாது. வீடியோவிலிருந்து ஃப்ரேம் பிடுங்கினால் சுமார் 8.3 மெகாபிக்சல்தான், 1/50-இல் ஓங்கிய கை கலங்கித்தான் இருக்கும், முதல் பக்கத்துக்கு ஆகாது. ஆகவே ஸ்டில்லா வீடியோவா என்பதைச் சம்பவம் தொடங்கும் முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

ரீல்ஸுக்காகக் கேமராவை நடுவில் செங்குத்தாகத் திருப்பும் பழக்கத்தையும் விடுங்கள். கிடையாகவே எடுத்து, ஆளை நடுவில் வைத்து, ஒவ்வொரு ஷாட்டையும் 10 விநாடி அசையாமல் பிடியுங்கள். 4கே-யிலிருந்து 9:16 வெட்டினால் 1215×2160 கிடைக்கும், 1080×1920-க்கு அது தாராளம்.

முழுநேர வீடியோக்காரருக்கு உள்ளேயே என்டி உள்ள வேறு கேமரா நல்லது. பாதிக்கு மேல் ஸ்டில்ஸ் எடுப்பவர் இதை நம்பி வாங்கலாம்; 24-105 எஃப் 4 லென்ஸ், 3 பேட்டரி, ஒரு மோனோபாட் இவற்றுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.