நெல்லிக்கு நடுவே அவுரி: ஏழு பட்டம் உரம் வைத்துப் பார்த்த அனுபவம்

சங்கரன்கோவில் பக்கம் இரண்டு ஏக்கர் செவல் என்கிற செம்மண், முழுக்க மானாவாரி. 2017-இல் இருபதடிக்கு ஒரு மரமாக நெல்லி வைத்தோம். மரம் காய்ப்புக்கு வரும்வரை இடைவெளியைச் சும்மா போட மனசில்லாமல், 2018 புரட்டாசியில் அவுரி விதைத்தேன். அதன்பின் ஒரு பட்டமும், அதாவது ஒரு விதைப்புப் பருவமும், விட்டதில்லை. நான் சொல்லும் அவுரி, மலச்சிக்கல் மருந்துக்கு இலை போகிற நிலாவாரை. ஏற்றுமதியில் டின்னவெல்லி சென்னா என்பார்கள். நீலச்சாயத்து அவுரி வேறு செடி, அதனால் விதை வாங்கும்போது விசாரித்து வாங்குங்கள்.

ஆடு மாடு இதைக் கடிக்காது. வேலி இல்லாத காட்டுக்கு அதுவே பெரிய நிம்மதி.

உரத்தில்தான் நான் ஏமாந்தேன். அவுரியும் பயறு வகைக் குடும்பம்தானே, வேரில் முடிச்சு பிடித்துக் காற்றிலிருந்து தழைச்சத்து (நைட்ரஜன்) சேர்க்கும், நெல்லிக்கும் அதில் பங்கு கிடைக்கும் என்று நம்பி முதல் இரண்டு பட்டத்துக்கு எதுவுமே போடவில்லை. நெல்லி இலை வெளிற ஆரம்பித்ததும் பத்துப் பதினைந்து செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். ஒன்றிலும் முடிச்சு இல்லை. விசாரித்தபோதுதான் இந்த இனம் முடிச்சே போடாது என்று தெரிந்தது. இரண்டு வருடமாக மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

பதற்றத்தில் மூன்றாம் பட்டத்தில் யூரியா போட்டேன். இலை அகலமாக, கரும்பச்சையாக வந்தது. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் முதல் பறிப்பு அறுபது நாளில், கார்த்திகை ஈரத்தில் வருகிறது. நீர் கோத்த இலை நிழலில் காயாமல் புழுங்கிக் கறுத்துவிட்டது. இந்தச் சரக்குக்கு மஞ்சள் கலந்த பச்சை நிறம்தான் விலை. வியாபாரி கறுத்ததைத் தனியாக ஒதுக்கிப் பாதி விலைதான் கொடுத்தார்.

அப்புறம்தான் ஊர் வழக்கத்துக்குத் திரும்பினேன். ஆவணியில் ஆட்டுக்கிடை, அதாவது உரத்துக்காக ஆட்டு மந்தையை ராத்திரி காட்டில் அடைப்பது. மந்தைக்காரரான கீதாரியிடம் மரத்தடியை விட்டுவிட்டு வரிசைகளுக்கு நடுவில் மட்டும் கிடை அமர்த்தச் சொல்வேன், வெள்ளாடு சேர்ந்து வந்தால் இளமரத்துப் பட்டையை உரித்துவிடும். கிடை மாறிய மறுநாளே லேசாக உழுதுவிட வேண்டும். புழுக்கை வெயிலில் கிடந்தால் தழைச்சத்து காற்றோடு போய்விடும். விதைப்புக்குப் பிறகு அவுரிக்கு எந்த உரமும் வைப்பதில்லை.

நெல்லிக்குக் கொழுஞ்சி. அதுவும் மூலிகைதான், அதையும் ஆடு தொடாது, ஆனால் இதன் வேரில் முடிச்சு கொத்துக் கொத்தாக இருக்கும். விதைத்தோல் கடினம், மணலோடு சேர்த்துத் தேய்த்து விதைத்தால்தான் சீராக முளைக்கிறது. பூக்கும் சமயத்தில் அறுத்து மரத்தைச் சுற்றிப் பாத்தியில் போட்டு மண் அணைத்துவிடுவேன். ஓரத்தில் சில செடிகளை விட்டுவைத்தால் விதை உதிர்ந்து அடுத்த வருடம் தானாக வரும்.

மரம் வளர வளர அவுரி ஒதுங்க வேண்டியிருக்கிறது. முதலில் தூரிலிருந்து மூன்றடி விட்டு விதைத்தேன், இப்போது ஏழடி. நிழலில் வந்த செடி நெட்டையாகப் போகும், இலை கம்மி. பச்சைப் புழுவுக்கு ஐந்து சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் போதுமாக இருந்தது.

2023 டிசம்பர் 17, 18 மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டோம். பள்ளத்து அரை ஏக்கரில் தண்ணீர் நின்று அவுரி முழுக்க வேரழுகிப் போனது. வறட்சியை எப்படியும் தாங்கும் செடி, தேங்கின தண்ணீரைத் தாங்கவில்லை. அடுத்த பட்டத்துக்கு முன்பே சரிவைப் பார்த்து வடிகால் வெட்டிவிட்டேன்.

வடக்கு ஓரத்து ஒரு வரிசைக்கு மட்டும் கிடையும் இல்லை, கொழுஞ்சியும் இல்லை என்று வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அங்கே நெல்லி இன்னும் என் தோள் உயரம்தான். பக்கத்து வரிசையில் காய் பறிக்க ஏணி வைக்கிறோம்.